தபசு வாரத்துக் கஞ்சி

கோவில்பட்டி,
ஜூன் 30

மதிப்பிற்குரிய இசக்கித்துரை அண்ணாச்சிக்கு,

வணக்கம். போன வாரம் நூலுக்குக் கஞ்சி போடும் உங்கள் சைசிங் பட்டறைக்கு வந்து, பாய்லர் புகையில் இருமிக்கொண்டே கேள்வி கேட்ட பிளஸ்ஸி நான்தான். கெமிக்கல் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். வீடு சிவகிரியில், இருப்பது காலேஜ் ஹாஸ்டலில்.

நேற்று உங்களுக்குப் போன் செய்தேன். "கஞ்சி வேணும் அண்ணாச்சி" என்றேன். "எனக்கு எந்தக் கட்சியும் வேண்டாம்மா, நான் ஓட்டே போடுததில்ல" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் கட்சிதான். உங்கள் முதலாளி துரைப்பாண்டி சார்தான் பிறகு சொன்னார், பன்னிரண்டு வருஷம் தறிச் சத்தத்தில் கிடந்த காது என்று. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வருஷம் எங்கள் புராஜெக்ட் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு பட்டறையின் உண்மையான தொல்லையைத் தீர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உங்களிடம் நான் பார்த்தவை இரண்டு. சாயங்காலம் மிஞ்சுகிற கஞ்சியை ஓடையில் விடுகிறீர்கள், அது புளித்து நாறுகிறது. பாய்லருக்கு நாள் முழுக்கச் சீமைக்கருவேல விறகு எரிகிறது. முதல் தொல்லையைக் கொண்டு இரண்டாவதைத் தீர்க்க முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. கஞ்சியை மூடிய தொட்டியில் சாணத்தோடு ஊறவிட்டால் எரிகிற வாயு வரும். அது உங்கள் பாய்லருக்குப் போதுமா என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

திங்களும் வியாழனும் ஒரு கேன் கஞ்சி அனுப்ப முடியுமா? கோவில்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் ஆதம் பாய் ஏற்றி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அதை நிரப்பி முதல் கேனோடு அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
பிளஸ்ஸி


சங்கரன்கோவில்,
ஜூலை 4

தங்கச்சி பிளஸ்ஸிக்கு,

நலம். நீ என்று எழுதினால் கோபிக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். என் கடைசித் தங்கைக்கும் உன் வயதுதான், அவளும் எதைக் கண்டாலும் ஏன், ஏன் என்பாள்.

கட்சி விஷயம் பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு நாளாக எல்லோரும் என்னைத் தலைவரே என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன்னால் வந்த வினை.

படிவத்தை நிரப்பிவிட்டேன். மாவு என்ன மாவு என்றாய், மரவள்ளி. ஒரு நாளைக்கு மிச்சம் எவ்வளவு என்றாய், இருநூறு லிட்டருக்குக் குறையாது. சேர்க்கப்படும் கெமிக்கல்கள் என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இது சுத்தமான கஞ்சி. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறாமல் இருக்கத்தான் கஞ்சி போடுகிறோம். மாவும் தண்ணீரும் கொஞ்சம் எண்ணெயும்தான்.

நீ பார்க்காத மூன்றாவது தொல்லை ஒன்று இருக்கிறது. ஓடையில் கஞ்சி விடக்கூடாது என்று நோட்டீஸ் வந்துவிட்டது. அக்டோபர் முடிவதற்குள் வழி பண்ண வேண்டும், இல்லையென்றால் கரண்டைப் பிடுங்கிவிடுவார்கள். முதலாளி நேற்று எங்களை நிறுத்திவைத்துச் சொன்னார்: "அந்தப் பிள்ளையோட தொட்டி ஓடுச்சுன்னா பின்னால காலி எடத்துல பெருசா ஒண்ணு கட்டுதேன். ஓடலைன்னா மெஷின வித்துட்டுப் போயிட்டே இருப்பேன். எனக்கு இந்த வயசுல கோர்ட்டு வாசல்ல நிக்க முடியாது." இங்கே பதினான்கு பேர் வேலை செய்கிறோம். கஞ்சி காய்ச்சுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. உனக்கு அது மார்க். எங்களுக்கு அதுதான் சோறு. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, தெரிந்து செய் என்று எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம். புளித்த கஞ்சியை ஊரெல்லாம் குடித்துத்தான் வளர்ந்தோம். எங்கள் வயிற்றில் மட்டும் ஏன் தீப்பிடிக்கவில்லை?

அன்புடன்,
இசக்கித்துரை


கோவில்பட்டி,
ஜூலை 17

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எரிந்துவிட்டது!

இருநூறு லிட்டர் டிரம்தான் எங்கள் தொட்டி. சாணத்துக்கு நானும் என் கூட்டாளி ஜெர்சோனும் இளையரசனேந்தல் வரைக்கும் பைக்கில் போனோம். ஆடு மேய்க்கும் ஒருவர் எங்களைப் பார்த்து, "இன்ஜினீயருக்குப் படிச்சும் சாணி அள்ளவா மக்கா?" என்று கேட்டார். நாலு நாள் ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் வாயு வந்தது, தீக்குச்சி வைத்தால் அணைத்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் நீலமாகப் பிடித்துக்கொண்டது. அந்தத் தீயில் மூன்று பேருக்குப் பால் ஊற்றாத கட்டன்சாயா போட்டுக் குடித்தோம். சீனி போட மறந்துவிட்டோம், ஆனாலும் நன்றாக இருந்தது.

உங்கள் சந்தேகத்துக்குப் பதில்: நம் வயிற்றிலும் வாயு உண்டாகத்தான் செய்கிறது. மாவைத் தின்கிற உயிர்கள் ஒரு கூட்டம். அவை புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பைத் தின்று எரிகிற வாயுவை விடுவது இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது கூட்டம் ரொம்பச் சோம்பேறி, ரொம்ப நோஞ்சான். கொஞ்சம் சூடு மாறினாலும் கோபித்துக்கொள்ளும். மாட்டு வயிற்றில் அது நிறைய இருக்கிறது, அதற்காகத்தான் சாணம். டிரம்முக்குள் அதுவும் இதுவும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று நினைத்தால் எனக்கு வகுப்பில் உட்காரவே முடியவில்லை.

செப்டம்பர் 20ல் எங்கள் ரிவ்யூ. துரைப்பாண்டி சாரைக் கட்டாயம் வரச் சொல்லுங்கள். அன்றைக்கு அவர் கண் முன்னால் எரிய வேண்டும்.

அன்புடன்,
பிளஸ்ஸி


சங்கரன்கோவில்,
ஜூலை 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாக வாசித்தேன். நீலத் தீ என்றதும் பாய்லர்காரன் முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது. அவனிடம், உன் வேலை போகாது வே, விறகுக்குப் பதில் குழாயைத் திருகப்போகிறாய், அவ்வளவுதான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் பூச்சிகள் குடித்தனம் நடத்துவது எனக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? ஒரே கஞ்சியைத் தின்று அலுக்காதா? நேரம் கிடைக்கும்போது எழுது.

இங்கே மூச்சுவிட நேரம் இல்லை. ஆடித்தபசுத் திருவிழா வருகிறது. கோமதியம்மனுக்குக் கொடி ஏறிவிட்டால் ஊரில் ஒரு தறியும் ஓடாது, பத்து நாள் ஆகும் திரும்ப ஓட. தறிக்காரர்கள் எல்லோரும் அதற்கு முன்னாலேயே பாவு நூலைக் கஞ்சி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். சும்மா கிடக்கப்போகிற பாவு, மருந்து வேறு கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கே யாராவது மருந்து கொடுத்தால் தேவலை, உடம்பு அவ்வளவு அலுப்பு.

திருவிழாவுக்குப் பட்டறை பூட்டிவிடுவோம் என்பதால் உனக்கு இந்த வாரம் நாலு கேன் சேர்த்து அனுப்புகிறேன். உன் பூச்சிகளும் தபசு கொண்டாடட்டும்.

அன்புடன்,
இசக்கித்துரை


கோவில்பட்டி,
ஆகஸ்ட் 11

அண்ணாச்சிக்கு,

உடம்பு இப்போது தேவலையா? மருந்து சாப்பிட்டீர்களா?

டிரம் செத்துவிட்டது. நீங்கள் அனுப்பிய நாலு கேனில் இரண்டாவதை ஊற்றிய மறுநாளே வாயு பாதியானது. மூன்றாவதோடு நின்றேவிட்டது. சுண்ணாம்பு போட்டுப் பார்த்தேன், புதுச் சாணம் போட்டேன், சாக்குப் போர்த்திச் சூடாக வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. புளிப்பு பார்த்தேன், மாவு எவ்வளவு என்று பார்த்தேன், எல்லாம் பழைய கேன்களைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாலு கேனிலும் என்னமோ இருந்திருக்கிறது.

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுகிறேன். பாய்லருக்கு விறகு வாங்கிப் போடுவது நீங்கள்தான் என்று ஜெர்சோன் விசாரித்து வந்து சொன்னான். விறகு நின்றால் விறகுக் கடைக்காரரோடு உங்களுக்கு இருக்கும் ஏற்பாடும் நின்றுபோகும் அல்லவா? கேனில் பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ விழுந்திருந்தால், தெரியாமல் விழுந்ததோ தெரிந்து விழுந்ததோ, சொல்லிவிடுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எனக்குக் காரணம் தெரிந்தால் போதும். ரிவ்யூவுக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது.

பிளஸ்ஸி


சங்கரன்கோவில்,
ஆகஸ்ட் 14

மதிப்பிற்குரிய மாணவி பிளஸ்ஸி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

கேன்களை நான்தான் கழுவினேன், வெறும் தண்ணீரில். பினாயில் வாங்குகிற பழக்கம் எங்கள் பட்டறைக்குக் கிடையாது. விறகுக் கடைக்காரரிடம் நான் வாங்கியது இதுவரைக்கும் ஒரு டீ. அதையும் அவர் வற்புறுத்தினார் என்றுதான் குடித்தேன்.

பட்டறை மூடினால் முதலில் தெருவில் நிற்பது நான். என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொள்வேன் என்று தாங்கள் நினைத்தது எனக்கு ரொம்ப வலிக்கிறது. படித்தவர்கள் யோசிக்கிற விதம் அப்படி இருக்கும்போல.

திங்களும் வியாழனும் கேன் வரும். சொன்ன சொல் மாற மாட்டேன். இனிமேல் கடிதம் வராது.

இப்படிக்கு,
சே. இசக்கித்துரை


சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட்,
ஆகஸ்ட் 22

அண்ணாச்சிக்கு,

பஸ் வர இருபது நிமிஷம் இருக்கிறது. ஆதம் பாயிடம் ஒரு தாள் வாங்கி எழுதுகிறேன். அவரே கொண்டுவந்து தருவார்.

ஒரு மணி நேரம் பட்டறையில் நின்றேன். நீங்கள் கஞ்சித் தொட்டியைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. நான் பேசியது மெஷின் சத்தத்தில் கேட்கவில்லையா, கேட்க விருப்பமில்லையா என்று தெரியவில்லை. என்ன பேசினேன் என்று எழுதுகிறேன். "என்னை மன்னிச்சிருங்க அண்ணாச்சி. ஜெர்சோன் சொன்னான்னு எழுதுனது பொய். நெனச்சது நான்தான்." இவ்வளவுதான். மூன்று தடவை சொன்னேன்.

டிரம்மைக் கொட்டிக் கழுவி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். புதுக் கேன்களை ஏற்றுக்கொள்கிறது, மெல்ல வாயு வருகிறது. அப்படியானால் தபசு வாரத்துக் கஞ்சியில் மட்டும் என்ன வேறு? தூக்கமே வரவில்லை. மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கேள்வியை மட்டும் நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

பிளஸ்ஸி


சங்கரன்கோவில்,
ஆகஸ்ட் 31

பிளஸ்ஸிக்கு,

கடிதம் வராது என்று எழுதியிருந்தேன். கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வாய் நமநமக்கிறது.

அன்று நீ பேசியது கேட்கவில்லை. ஆனால் உன் வாயைப் பார்த்தேன். தறிக்காரனுக்குக் காது போனாலும் வாயசைவு தெரியும். மன்னிச்சிருங்க என்பதை மூன்றாம் தடவைதான் பிடித்தேன். அதற்குள் தலையை நிமிர்த்தினால் மரியாதை போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

தபசு வாரத்துக் கஞ்சியில் என்ன வேறு என்று கேட்டிருந்தாய். இரண்டு நாள் அந்தக் கேள்வியோடே கஞ்சி கிண்டினேன். அதே மாவு, அதே கிணற்றுத் தண்ணீர், அதே எண்ணெய், அதே கை. வேறு எதுவும் இல்லை என்று முடிவு கட்டப்போனபோதுதான் மருந்து ஞாபகம் வந்தது.

கஞ்சி போட்ட பாவு சும்மா கிடந்தால் பூசணம் பிடிக்கும். நூல் புள்ளி விழுந்து இற்றுப்போகும். அதற்காகத் தபசுக்கு முன்னாலும், பிறகு ஐப்பசி கார்த்திகை மழையிலும், கஞ்சியில் மருந்து போடுவோம். நீலக் கட்டியாக இருக்கும், மயில்துத்தம். மற்ற நாளில் போடுவதில்லை. பூசணத்தைக் கொல்கிறது உன் பூச்சியை மட்டும் சும்மா விடுமா என்று எனக்குத் தோன்றியது.

சரி, பார்த்துவிடுவோம் என்று மூன்று தண்ணீர் பாட்டில் எடுத்தேன். மூன்றிலும் கஞ்சி, மூன்றிலும் பக்கத்து வீட்டு எருமைச் சாணம். ஒன்றில் மருந்து இல்லை. ஒன்றில் தபசு அளவு. ஒன்றில் அதில் பாதி. திருவிழாக் கடையில் மிஞ்சிய பலூன் வாங்கி மூன்று வாயிலும் மாட்டி பாய்லர் பக்கத்தில் வெதுவெதுப்பாக வைத்தேன். நாலாம் நாள் மருந்தில்லாத பலூன் என் தலை அளவுக்கு எழுந்து நின்றது. பாதி மருந்து, எலுமிச்சம்பழம் அளவு. முழு மருந்து, வாடிய கத்தரிக்காய்.

பட்டறையில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். முதலாளி மட்டும் பார்க்கவில்லை. அவர் வருவதற்குள் பாட்டிலை ஒளித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் படிவத்தில் இதை ஏன் கேட்கவில்லை?

இசக்கித்துரை


கோவில்பட்டி,
செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கேட்டிருந்தேன். "சேர்க்கப்படும் கெமிக்கல்கள்" என்று கேட்டிருந்தேன். நீங்கள் இல்லை என்று எழுதினீர்கள். மயில்துத்தத்தை எங்கள் லேபில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் காப்பர் சல்பேட் என்று ஒட்டியிருக்கிறது. செம்பு கலந்தது. என் நோஞ்சான் கூட்டத்துக்கு அது எமன். எனக்கு அது கெமிக்கல், உங்களுக்கு அது மருந்து. கெமிக்கல் என்றால் நீங்கள் சாயப்பட்டறையைத்தான் நினைத்திருப்பீர்கள்.

இதில் உங்கள் தப்பு எள்ளளவும் இல்லை. ஜூலைக் கடிதத்திலேயே பாவுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்துவிட்டு, அலுப்பில் வேடிக்கையாக எழுதுகிறீர்கள், உங்களுக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன். மருந்து சாப்பிட்டீர்களா என்று வேறு கேட்டேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பலூனை நினைத்தால் பொறாமையாகவும் இருக்கிறது. மூன்று வருஷம் படித்த எனக்கு அது தோன்றவில்லையே.

இனி கஷ்டமான விஷயம். எங்கள் புராஜெக்ட் சாரிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "செப்டம்பரில் மழை இல்லை, மருந்து இல்லை. நல்ல கஞ்சியைக் காட்டி ரிவ்யூவை முடி. மழைக்காலத்தை இழுத்தால் புராஜெக்ட் பாதியில் நிற்கிற மாதிரி ஆகிவிடும்" என்றார். அவர் சொல்வது என் மார்க்குக்கு நல்லது. சொல்லாமல் விட்டால் துரைப்பாண்டி சார் தொட்டி கட்டிவிடுவார். ஐப்பசியில் முதல் மழைக்கு அது செத்துப்போகும். சொன்னால் அவர் கட்டாமலே போய்விடலாம். பதினான்கு பேர் என்று நீங்கள் எழுதியது இரண்டு மாதமாக என் தலைக்குள் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

இன்னொன்று, வெறும் ஆர்வத்தில் கேட்கிறேன். மருந்து போட்ட கஞ்சி எத்தனை நாளில் புளிக்கும்?

அன்புடன்,
பிளஸ்ஸி


சங்கரன்கோவில்,
செப்டம்பர் 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். சொல்லாதே என்று எழுதினேன். தீபாவளி வரைக்குமாவது எல்லோருக்கும் வேலை இருக்கட்டும், பிறகு அம்மன் விட்ட வழி என்று. அதை மடித்துப் பையில் வைத்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்விட்டேன். ஆதம் பாய் கையை நீட்டினார். கொடுக்க மனசு வரவில்லை. தொட்டி கட்டிச் செத்தால் முதலாளி உன்னைத்தான் ஏசுவார். உன்மேல் பழி விழ நான் காரணமாக இருக்கக் கூடாது. பழி விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ வெறும் ஆர்வத்தில் கேட்ட கேள்வி இருக்கிறதே, அது என்னைப் போட்டுப் படுத்திவிட்டது.

மருந்துக் கஞ்சி புளிக்காது. புளிக்காமல் இருக்கத்தானே மருந்து. இந்தப் பதிலை எழுதத் தாளை எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிச்சக் கஞ்சியைத் தினம் ஏன் கொட்டுகிறோம்? காலைக்குள் புளித்துவிடும் என்று. புளிக்காத கஞ்சியை ஏன் கொட்டுகிறோம்? தெரியவில்லை. பதினோரு வருஷமாகக் கொட்டுகிறேன். எனக்கு முன்னால் காய்ச்சியவரும் கொட்டினார். சாயங்காலம் ஆனால் தொட்டியைக் காலி பண்ண வேண்டும், அவ்வளவுதான், யாரும் கேட்டதில்லை.

மருந்து போட்டு ஒரு அண்டா காய்ச்சி மூடி வைத்தேன். நாலாம் நாள் திறந்தேன். மேலே ஆடை கட்டியிருந்தது, கீழே கட்டியாக உறைந்திருந்தது. ஆடையை வழித்து, ஆவி விட்டு இளக்கி, ஒரு படி புது மாவு சேர்த்துக் கிண்டினேன். விரலில் தொட்டால் புதுக் கஞ்சி மாதிரியே வழுவழு. ஒரு பாவுக்குப் போட்டு காசியிடம் கொடுத்தேன். எங்கள் தெருவில் தறி வைத்திருப்பவன், குற்றம் கண்டுபிடிக்கவே பிறந்தவன். இரண்டு நாள் ஓட்டிவிட்டு வந்து, "என்னலே புதுசா? நூலு எப்பவும் போலத்தான அறுது" என்றான். அவன் வாயில் அதுதான் பாராட்டு.

ஆக, மருந்துக் கஞ்சி உன் தொட்டிக்கும் வேண்டாம், ஓடைக்கும் வேண்டாம். மூடி வைத்து மறுநாள் நானே போட்டுக்கொள்வேன். மருந்தில்லாத கஞ்சி உனக்கு. ஒரு பாவுதான் பார்த்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

முதலாளியிடம் நான் மூச்சுவிடவில்லை. நான் சொன்னால், கஞ்சி கிண்டுகிறவன் கணக்கு வாத்தியார் ஆகிவிட்டான் என்பார். நீ சொல். எல்லாவற்றையும் சொல்.

அன்புடன்,
இசக்கித்துரை


கோவில்பட்டி,
செப்டம்பர் 20, சாயங்காலம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அழுதுவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீ நன்றாக எரிந்தது. துரைப்பாண்டி சார் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஆறாவது வரிசையில் இருந்தீர்கள். உங்களுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

எரிந்து முடிந்ததும், இது செத்த கதையையும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். தபசு வாரம், மருந்து, பலூன், அண்டா எல்லாம் சொன்னேன். பலூன் சோதனை செய்தவர் பெயர் இசக்கித்துரை, அதோ உட்கார்ந்திருக்கிறார் என்றேன். எல்லோரும் திரும்பியபோது நீங்கள் குனிந்துகொண்டீர்கள். இதற்கு இன்னும் முழு விடை இல்லை என்றும் சொன்னேன். ஒரே ஒரு பாவுதான் சோதித்திருக்கிறோம். மருந்துத் தொட்டி கழுவிய தண்ணீரைத் தனியாகப் பிடித்து வெயிலில் வற்றவிட வேண்டும். யாராவது மறந்து அதை வாயுத் தொட்டியில் ஊற்றினால் அன்றைக்கே செத்துவிடும்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "அப்படியென்றால் இது முழுமையடையாத வேலை" என்று எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் கடைசிக்கு முந்தின மார்க். ஜெர்சோன் என்னோடு பேசவில்லை. அவனுக்கும் அதே மார்க்தானே, அவன் கோபம் நியாயம்.

மார்க் போகட்டும். துரைப்பாண்டி சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "செத்தா திரும்ப உசுர் வர எத்தன நாளும்மா?" நாற்பது நாள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை. நான் ஓடி வந்து பார்ப்பதற்குள் உங்கள் வேன் கிளம்பிவிட்டது.

சொன்னதற்கு வருத்தமில்லை. ஆனால் மெஷினை விற்றுவிடுவார் என்றால் அது என்னால்தான். நாற்பது நாள் போனால் நோட்டீஸும் முடிகிறது. என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கெட்டதாக இருந்தாலும் எழுதுங்கள்.

பிளஸ்ஸி


சங்கரன்கோவில்,
செப்டம்பர் 22

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் இன்று காலை பஸ்ஸில்தான் வந்தது. அதற்குள் இங்கே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

அன்று வேனில் முதலாளி பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னார். என் கேட்கிற காது அவர் பக்கம் இருக்கும்படி இடம் மாற்றி உட்காரவைத்தார். வேலையைவிட்டு நிறுத்தத்தான் இந்த மரியாதை என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் மருந்துக் கஞ்சியைப் பாவுக்குப் போட்டேன் அல்லவா, அதைக் கேட்பார் என்று பதிலைத் தயார்செய்துகொண்டிருந்தேன்.

பாதி வழியில் திடீரென்று கேட்டார்: "ஏம்வே, அந்தப் பிள்ள நல்லா எரிஞ்சத மட்டும் காட்டிட்டுப் போயிருக்கலாம்லா? செத்த கதைய எதுக்குச் சொல்லிச்சு?"

"தெரியல அண்ணாச்சி. சொல்லாம இருக்க முடியாது அவளுக்கு" என்றேன்.

"மார்க்கும் போச்சுல்லா?"

"போயிருக்கும்."

ஊர் எல்லை வந்தது. அப்போது அவர் தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னார். நான் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் ஒரு சொல்லும் தப்பவில்லை. "நல்லா ஓடும், நல்லா ஓடும்னு சொன்னவனெல்லாம் என் தலையில நாலு மெஷினக் கட்டிட்டுப் போயிட்டான். எப்ப ஓடாதுன்னு சொல்ல வந்தவ இவ ஒருத்திதாம்வே."

வேன் பட்டறையில் நின்றது. இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பின்னால் காலி இடத்துக்குப் போனார். விறகு அடுக்கியிருந்த இடத்தைக் காலால் ஒதுக்கினார். இங்கிருந்து அங்கே என்று நடந்து அளந்தார். பிறகு திரும்பி, "மருந்துக் கஞ்சிக்கு மூடி போட்ட தொட்டி ஒண்ணு வேணும்லா, அது எங்கன வைக்கணும்?" என்று என்னைக் கேட்டார். என்னை! பதினோரு வருஷத்தில் என்னிடம் எங்கே வைக்கலாம் என்று அவர் எதையும் கேட்டதில்லை. கையைக் காட்டினேன். சரி என்றார்.

உன் கூட்டாளியிடம் இதைச் சொல். மார்க் கடைசிக்கு முந்தினதாக இருந்தாலும் தொட்டி இங்கே முதலாவதாக வருகிறது. உன்மேல் எனக்கு இப்போது கோபமே இல்லை. ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

நாளைக் காலை ஆறு மணிக்கு மண் தோண்ட ஆள் வருகிறார்கள். முதலாளி ஒன்பது அடி என்கிறார், கொத்தனார் ஆறு போதும் என்கிறார், நான் அவள் சொல்லட்டும் என்று இருவரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். எத்தனை அடி ஆழம் பிளஸ்ஸி? கடிதம் வேண்டாம், நேரம் இல்லை. போன் செய். நான் காதை அழுத்தி வைத்துக்கொள்கிறேன், நீ கத்திச் சொல்.

அன்புடன்,
இசக்கித்துரை